வன்னியில் இளம் விவசாயிகள் கழகங்களும் வாழ்க்கைத் திறன்களும்

வாழ்க்கைத் திறன் என்னும் தொடர் கல்வியியலாரிடையே இன்று பெருவழக்காகிவிட்டது. உலக சுகாதார தாபனம் 1993இல் பாடசாலைகளுக்கென வெளியிட்ட திட்டத்திலே முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தொடர்பாடல், பிறர் நிலை உணர்தல், நெருக்கடியைத் தாங்குதல் உள்ளிட்ட பத்துத் திறன்கள் எடுத்துரைக்கப்பட்டன. இவை வகுப்பறையில் ஒப்புவிக்கத்தக்க பாடங்கள் அல்ல. ஒரு செயலை மேற்கொண்டு அதன் பயனையும் இழப்பையும் ஏற்கும்பொழுதே கைவருபவை. கிராமத்து இளைஞருக்கு அத்தகைய களத்தை விவசாயக் கழகம் அளிக்கும் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கருத்தாகும். வன்னிப் பெருநிலப்பரப்பில் அது எவ்வளவுக்குப் பொருந்துகின்றது, எங்கே தடைப்படுகின்றது என்பவற்றையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1902இல் ஏ. பி. கிரகாம் என்னும் பாடசாலை அதிகாரி சிறுவர் சிறுமியரைக் கூட்டி அமைத்த கழகமே பின்னர் நான்கு 'எச்' இயக்கமாக வளர்ந்தது. தலை, நெஞ்சு, கை, உடல்நலம் என்பனவே அந்நான்கும். பிரித்தானியாவில் 1921இல் டெவன் பகுதியில் முதலாவது இளம் விவசாயிகள் கழகம் தோன்றியது. அங்கே பிள்ளைகள் கன்றுகளை வளர்த்துக் கணக்கெழுதினர். இவ்வியக்கங்களின் தோற்றத்தை நாம் வெறும் அன்புப் பணியாகக் கொள்ளவேண்டியதில்லை. புதிய விதையையும் முறைகளையும் ஏற்கத் தயங்கிய முதியோரின் வீட்டிற்குள் பிள்ளைகள் வழியே அவற்றை நுழைப்பதும் அமெரிக்கக் கழகங்களின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்கப் பணியோடு இணைந்து இளம் விவசாயிகள் கழகங்கள் அமைந்தமையும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

கழகம் திறனை வளர்க்கும் முறை எளியது. இருபது இளைஞர் சேர்ந்து அரை ஏக்கரில் மிளகாய் நடுகின்றனர் என்று கொள்வோம். நாற்றுமேடை இடும் நாளை அவர்களே தீர்மானிக்க வேண்டும். இறைப்பு முறையைப் பங்கிட வேண்டும். முறை தவறியவனிடம் காரணம் கேட்க வேண்டும். கேட்பதோடு நட்பும் முறியாதிருக்க வேண்டும். செயலாளர் கூட்டக் குறிப்பெழுதுகிறார். பொருளாளர் ஒவ்வொரு ரூபாவுக்கும் சபை முன் விடை சொல்கிறார். இலைச்சுருட்டு நோய் கண்டால் மருந்துக் கடைக்காரரின் சொல்லை நம்புவதா, விவசாயப் போதனாசிரியரை அழைப்பதா என்பது நுண்ணாய்வுச் சிந்தனைக்கான நேரடிப் பயிற்சியாகும். இவற்றை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இரண்டு நாளிற் கற்பித்துவிட முடியாது.

வன்னியில் இதற்கு உள்ளூர் அடித்தளமும் உண்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் போன்ற குளங்களின் கீழ் வாழும் மக்களுக்குக் கூடி முடிவெடுத்தல் புதிதன்று. சிறுபோகத்திற்குக் குளத்து நீர் முழு வயலுக்கும் போதாதபோது, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் துருசு திறப்பது, பங்கு எவ்வாறு பிரிப்பது என்பன போகக் கூட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. வாழ்க்கைத் திறனை மேனாட்டு நூல்களிலிருந்து இறக்குமதி செய்வோர் இக்கூட்டமொன்றின் பின்வரிசையில் அரை நாள் அமர்ந்திருப்பது நன்று.

இளைஞரை முன்னிறுத்திய பெருமுயற்சி 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. முல்லைத்தீவுப் பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. எழுதுவினைஞர் உத்தியோகத்தை எதிர்பார்த்துப் படித்தவர்கள் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970இல் பதவியேற்ற அரசு இவ்விளைபொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் அவை நல்ல விலை பெற்றன. படித்தவன் மண்வெட்டி பிடிப்பது இழுக்கு என்ற எண்ணம் தளர்ந்தமைக்கு அறிவுரையைவிட அவ்விலையே பெருங்காரணம் என்பது எமது கருத்து. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் அப்பாதுகாப்பு நீங்கியது. முயற்சியும் திறனும் குறையாதிருந்தும் வருமானம் சரிந்தது. கொள்கை மாற்றத்தால் விளைந்த தோல்வியை இளைஞரின் திறன் குறைவாகக் கணிக்கும் போக்கு இன்றும் நீங்கவில்லை.

அதன் பின் வந்த போர் 2009 மே மாதம் வரை நீடித்தது. 2008, 2009 ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஏறத்தாழ முழுவதும் இடம்பெயர்ந்தனர். தந்தையின் பின்னே வரம்பில் நடந்து கற்கவேண்டிய வயதில் ஒரு தலைமுறை முகாமில் வாழ்ந்தது. மீள்குடியேற்றத்தின் பின் உதவித் திட்டங்கள் பல வாழ்க்கைத் திறன் பயிற்சிகளையும் சான்றிதழ்களையும் வழங்கின. அனைத்தையும் இழந்து மீண்டவர்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் வகையைப் பிறர் கற்பிக்க முற்பட்டமை வியப்பிற்குரியது. அவர்களுக்கு வேண்டியிருந்தவை விதை, நீரிறைக்கும் இயந்திரம், கடன்பொறிக்குள் தள்ளாத முதல் ஆகியனவே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதும், கலந்தாலோசிக்கப்படாதவர்கள் கமக்காரர்களே.

எனினும் அடிப்படைத் தடை காணியே. குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டவை. துண்டாடுதலைத் தவிர்க்கும் நோக்கில், அவை ஒரு பின்னுரித்தாளரைச் சென்றடையும் வகையிலேயே அச்சட்டம் அமைந்தது. ஆகவே நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் மூவர் நிலமற்றோராவர். பின்னுரித்து வரிசையில் ஆணுக்கு அளிக்கப்பட்ட முதன்மை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. போரின் பின் குடும்பத் தலைமை ஏற்ற பெண்கள் பலருள்ள பிரதேசத்தில் இதன் பாதிப்பு விளக்க வேண்டாதது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய மக்களுள் பலரின் பிள்ளைகளுக்கோ பிறர் வயலில் கூலி உழைப்பே வாய்த்தது. நிலமற்ற இளைஞனுக்குக் கழகம் கற்பிக்கும் பயிர்த்திட்டம் எங்கே விதைக்கப்படும்?

இதனால் கழகங்கள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. கழகத்திற்கென அரச காணியில் ஒரு பகுதி நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்படுமாயின், அதன் பொருளாளர் எழுதும் கணக்கு உண்மையான கணக்காகும். கமக்கார அமைப்பின் கூட்டங்களிலும் போகக் கூட்டங்களிலும் குளத்தின் கீழ்க் காணியுடையோரும் பயிரிடுவோருமே பேசும் நிலை உள்ளது. தந்தையின் வயலில் ஊதியமின்றி உழைக்கும் மகனுக்கும் மகளுக்கும் எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை. கழகத்தின் பேராளர் இருவருக்கு, அவருள் ஒருவர் பெண்ணாக, அங்கே இருக்கை அளிப்பதைச் சிறுபோகப் பங்கு பிரிக்கும் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.