பரணைப் பார்த்தீர்களா, சார்?

கங்கோத்ரி யாத்திரை போய்வந்த ஆபீஸ் நண்பர், பிரசாதத்தோடு காய்ந்த மரப்பட்டை ஒன்றையும் நீட்டினார்.

“என்ன சார், பிரியாணிக்குப் போடுறதா?”

முறைத்தார். “யோவ்! இது போஜ்பத்ரா. அந்தக் காலத்துல இதுலதான் எழுதுவாங்க!”

லேசாகக் கிள்ளினேன். வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது!

பூர்ஜ மரம் என்பார்கள். இமயமலையில், பத்தாயிரம் அடி உயரத்துக் குளிரில் வளர்வது. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகிற வழியில் ‘போஜ்பாசா’ என்று ஓர் இடத்துக்கே இதன் பெயர்தான். பட்டையில் தண்ணீர் இறங்காது. அதனால் மலை ஜனங்கள் கூரைக்கு அடியில் பரப்பினார்கள், பொட்டலம் கட்டினார்கள், மந்திரம் எழுதித் தாயத்துக்குள் வைத்தார்கள். காஷ்மீரத்துப் பண்டிதர்கள் மையால் நூல் நூலாக எழுதித் தள்ளினார்கள். 1881-ல் பெஷாவர் பக்கம் பக்ஷாலி கிராமத்தில் மண்ணிலிருந்து கிடைத்த பட்டைச் சுவடியில் முழுக்கக் கணக்கு. பூஜ்யத்துக்கு ஒரு புள்ளி! இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது.

கணக்கு கசக்கிறதா? காளிதாசனிடம் போங்கள். ‘குமாரசம்பவ’த்தில் வித்யாதரப் பெண்கள் இதே பட்டையில்தான் காதல் கடிதம் எழுதுகிறார்கள்!

நம்ம புதுச்சேரி வெயிலில் பூர்ஜ மரம் ஒரு வாரம் தாங்காது. அதனாலென்ன, நமக்குப் பனை இருந்தது. அவர்கள் பட்டையில் மை தொட்டு எழுத, நாம் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவிப் படித்தோம். செயின்ட் லூயி வீதியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் கிடந்த சுவடிகளைத் தேடிச் சேர்த்தது. நம் ஊரில் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ ‘உலக நினைவு’ப் பட்டியலில் ஏற்றியது.

‘பத்ரம்’ என்றால் வடமொழியில் இலை. வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகை... எல்லாம் இலையின் வம்சம்தான். ‘பத்திரமா வச்சுக்கோ’ என்கிறோமே, அந்தப் பத்திரம் மட்டும் வேறு; ‘பத்ரம்’ என்று அழுத்திச் சொல்கிற இன்னொரு வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டும் தமிழில் ஒரே எழுத்தாகிப் போனது பொருத்தம்தான். ஏனென்றால், பத்திரத்தைப் பத்திரமாக வைப்பதுதான் பாடு!

ஓலைக்குப் பூச்சியும் ஈரமும் எமன். சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிசு. பழசு பொடியாகும் முன் யாரோ ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தார். அவருக்குப் பிறகு இன்னொருவர். மரம் காப்பாற்றவில்லை, சார். அந்தக் கைகள் காப்பாற்றின.

எங்கள் வீட்டில் அந்தக் கை நின்றுபோனது. எனக்கு எட்டு வயசிருக்கும்போது, பரணில் கிடந்த தாத்தாவின் சுவடிக்கட்டு போகிப் பண்டிகை நெருப்பில் போனது. ‘படபட’வென்று வெடித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தன். உள்ளே இருந்தது வைத்தியமா, ஜாதகமா, கடன் கணக்கா? கேட்கத் தோணவே இல்லை.

தாத்தாவின் எழுத்தாணி மட்டும் மிச்சம். அம்மா அதை வைத்துப் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள்.

நண்பர் தந்த பட்டையை இப்போது அதோடு சேர்த்து டிராயரில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். அடுத்த போகிக்குள் ஏறிப் பார்த்துவிடுங்கள். இருந்தால், முதலில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

நெருப்புக்குப் போட, பழைய பாய் இருக்கவே இருக்கு!