பட்டா ஈக்வடாருக்கு, இறையாண்மை பெருவுக்கு

அமேசான் காட்டின் மேற்கு ஓரத்தில், கொண்டோர் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், திவின்சா என்றொரு இடம் இருக்கிறது. பரப்பு ஒரே ஒரு சதுர கிலோமீட்டர். மண் பெரு நாட்டுடையது, அங்கே செல்லுபடியாவதும் பெருவின் சட்டம்தான். ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் பக்கத்து நாடான ஈக்வடாரின் அரசு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பட்டா ஈக்வடார் பெயரில் இருக்கிறது. அந்தப் பட்டாவுக்கு நிபந்தனைகளும் உண்டு. ஈக்வடார் அதை யாருக்கும் விற்க முடியாது, பெரு அதைக் கையகப்படுத்த முடியாது. ஈக்வடார் எல்லையிலிருந்து அங்கே போய்வர 5 மீட்டர் அகலத்துக்கு மிகாத பாதை ஒன்று. போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த ஈக்வடார்காரர்கள் வரலாம், துப்பாக்கியோடு வரக்கூடாது.

இந்த விநோதமான ஏற்பாடு 1998-ல் பிறந்தது. அதற்கு முன் இரு நாடுகளும் இந்த எல்லைக்காக 1941, 1981, 1995 ஆகிய ஆண்டுகளில் மோதியிருந்தன. ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற காலத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருந்த தகராறு எப்படி முடிந்தது என்பது, எல்லைப் பிரச்சினை உள்ள எந்த நாட்டுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1941 போரில் ஈக்வடார் படுதோல்வி அடைந்தது. அதன் தெற்கு மாகாணமான எல் ஓரோவைப் பெருவின் ராணுவம் பிடித்து வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 29-ல் ரியோ டி ஜெனிரோவில் உடன்படிக்கை கையெழுத்தானது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உலகப் போருக்கு நடுவே அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ஒன்றுபட்டு நிற்க வேண்டும் என்ற அவசரம் அமெரிக்காவுக்கு. அந்த அவசரத்துக்கு ஈக்வடார் கொடுத்த விலை பெரிது. தன்னுடையது என்று அது உரிமை கொண்டாடிய சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் அமேசான் நிலம் கைவிட்டுப் போனது. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, சிலி ஆகிய நான்கும் உடன்படிக்கைக்கு உத்தரவாத நாடுகளாகக் கையெழுத்திட்டன.

எல்லைக்கல் நடும் வேலை பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடந்தது. சிக்கல் வந்தது கொண்டோர் மலையில். சமோரா, சாண்டியாகோ என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள நீர்பிரி முகடே எல்லை என்று உடன்படிக்கை சொன்னது. கையெழுத்திட்ட யாரும் அந்தக் காட்டை முழுதாகப் பார்த்ததில்லை. பிறகு அமெரிக்க விமானங்கள் மேலிருந்து படம் எடுத்து, 1947-ல் வரைபடம் கைக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது: இரண்டு ஆறுகளுக்கும் நடுவே செனெபா என்று மூன்றாவது ஆறு ஒன்று, எல்லோரும் நினைத்ததைவிட வெகு நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆறு ஓடினால் முகடு ஒன்றாக இருக்காது, இரண்டாகிவிடும். ஆகவே உடன்படிக்கை சொல்லும் எல்லையே தரையில் இல்லை என்று ஈக்வடார் வாதிட்டது. கல் நடும் வேலை நின்றது. 1960-ல் அந்நாட்டு அதிபர் வெலாஸ்கோ இபார்ரா ஒரு படி மேலே போய், ரியோ உடன்படிக்கையே செல்லாது என்று அறிவித்தார்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட எல்லையில் கல் நடாமல் மிச்சம் இருந்தது வெறும் 78 கிலோமீட்டர். ஆனால் ஈக்வடார் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த தேசப்படத்தில், 1942-ல் போன நிலம் முழுவதும் இன்னும் தங்கள் நாடாகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த மக்களிடம், அதை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எந்த அதிபர் போய்ச் சொல்வார்? பெருவுக்கோ பேச ஒன்றுமே இல்லை: கையெழுத்துப் போட்டாயிற்று, கல்லை நட வேண்டியதுதான். ஒருவர் பிரச்சினை இருக்கிறது என்கிறார், மற்றவர் பிரச்சினையே இல்லை என்கிறார். இப்படிப்பட்ட தகராறுதான் தீர்க்கக் கடினமானது.

1995 ஜனவரி கடைசியில் செனெபா ஆற்றின் மேல்பகுதியில் சண்டை மூண்டது. முந்தைய இரண்டு மோதல்களிலும் பின்வாங்கிய ஈக்வடார் இம்முறை ஈடுகொடுத்து நின்றது. பிப்ரவரி 10-ல் பெருவின் போர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. திவின்சாவைப் பிடித்துவிட்டோம் என்று பெரு அதிபர் ஆல்பெர்ட்டோ ஃபுஜிமோரி அறிவித்தார், இல்லை என்று ஈக்வடார் மறுத்தது. இறந்தவர் எண்ணிக்கையிலும் இரு தரப்புக் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. உத்தரவாதம் கொடுத்த நாடுகளில் ஒன்றான அர்ஜென்டினாவிலிருந்தே, சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஈக்வடாருக்குக் கள்ளத்தனமாக ஆயுதம் போனது பின்னால் அம்பலமாகி, அந்நாட்டின் முன்னாள் அதிபர் கார்லோஸ் மெனெம் வழக்கில் சிக்கினார். நடுவர் என்றால் அப்பழுக்கில்லாதவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் உலகத்தில் ஒரு சமாதானமும் நடக்காது போல.

பிப்ரவரி 17-ல் பிரேசிலில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்பிறகும் துப்பாக்கிகள் உடனே ஓயவில்லை. நான்கு உத்தரவாத நாடுகளின் ராணுவ அதிகாரிகள் காட்டுக்குள் இறங்கி, படைகளைப் பிரித்து, ராணுவம் இல்லாத பகுதி ஒன்றை உருவாக்கினார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகள் பேச்சுவார்த்தை. இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி: எல்லைக்கோட்டை முதலில் தீர்த்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று உட்காரவில்லை. 1998 ஜனவரியில் வேலையை நான்காகப் பிரித்து நான்கு குழுக்களிடம் கொடுத்தார்கள். வணிகமும் ஆற்றுப் போக்குவரத்தும் ஒரு குழுவுக்கு, எல்லைப்பகுதி வளர்ச்சி ஒரு குழுவுக்கு, ராணுவங்களுக்கிடையே நம்பிக்கை வளர்ப்பது இன்னொன்றுக்கு. எல்லைக்கோடு நான்கில் ஒன்றுதான். கோட்டில் தோற்றாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும் என்ற நிலை இப்படித்தான் உண்டானது.

கோட்டு விஷயத்தில் நிபுணர்களின் கருத்து பெருவுக்குச் சாதகமாகவே வந்தது. ஆகஸ்டில் படைகள் மீண்டும் காட்டில் முகத்துக்கு முகம் நின்றன. அந்த மாதம்தான் ஈக்வடாரில் ஹமில் மகுவாத் பதவியேற்றிருந்தார். அவரும் ஃபுஜிமோரியும் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். கடைசி முடிச்சை மட்டும் இருவராலும் அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்தவரை அவருடைய நாட்டிலேயே துரோகி என்பார்கள். எனவே முடிவை உத்தரவாத நாடுகளிடமே விட்டார்கள். அந்த நாடுகள் விவரமானவை. நாங்கள் என்ன சொன்னாலும் கட்டுப்படுவோம் என்று உங்கள் நாடாளுமன்றங்கள் முதலில் தீர்மானம் போடட்டும், தீர்ப்பு பிறகு என்றன. அக்டோபரில் இரு நாடாளுமன்றங்களும், தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒப்புதல் அளித்தன.

தீர்ப்பில் மலைமுகட்டுக் கோடு பெரு கேட்டபடி. திவின்சாவின் பட்டா ஈக்வடாருக்கு. முகட்டின் இரு பக்கமும் இயற்கைப் பூங்காக்கள். ஒப்பந்தத்தின் இன்னொரு பகுதியாக, அமேசானிலும் அதன் வடக்குத் துணையாறுகளிலும் கப்பல் விடும் உரிமையும், பெரு மண்ணில் இரண்டு வணிக மையங்களும் ஈக்வடாருக்குக் கிடைத்தன. அக்டோபர் 26-ல் பிரேசிலியாவில் இரு அதிபர்களும் கையெழுத்திட்டார்கள்.

ஒரு சதுர கிலோமீட்டர் காட்டுக்கு என்ன மதிப்பு? பொருளாதாரக் கணக்கில் பூச்சியம். ஆனால் 1995-ல் அந்த இடத்தில்தான் தங்கள் பிள்ளைகள் பின்வாங்காமல் நின்றார்கள் என்று ஈக்வடார் மக்கள் நம்பினார்கள். அந்த மண்ணைக் கைவிடவில்லை என்று மகுவாத்தால் ஊரில் சொல்ல முடிந்தது. ஓர் அங்குலம் இறையாண்மைகூடப் போகவில்லை என்று ஃபுஜிமோரியும் சொல்ல முடிந்தது. இரண்டும் உண்மை. 1941 தோல்வியின் அவமானத்தோடு ஈக்வடார் இதே ஒப்பந்தத்தை ஏற்றிருக்குமா என்பது சந்தேகம்தான். தோற்காமல் நின்ற பிறகே விட்டுக்கொடுக்கும் தெம்பு அதற்கு வந்தது.

எல்லோருக்கும் இது இனிக்கவில்லை. பெருவின் வெளியுறவு அமைச்சர் எடுவார்தோ ஃபெரேரோ உடன்பாடில்லாமல் அக்டோபர் தொடக்கத்திலேயே பதவி விலகினார். அமேசான் கரையிலுள்ள இகிடோஸ் நகரில், வணிக மையங்களுக்கு நிலம் கொடுப்பதை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அரசுக் கட்டடங்கள் எரிந்தன, உயிர்களும் போயின. இரு அதிபர்களும் 2000-ஆம் ஆண்டிலேயே பதவி இழந்தார்கள். ஆனால் காரணம் இந்த ஒப்பந்தம் இல்லை: மகுவாத்தை வங்கி நெருக்கடி கவிழ்த்தது, ஃபுஜிமோரியை ஊழல்.

ஒப்பந்தம் மட்டும் அவர்களோடு போகவில்லை. கடைசி எல்லைக்கல் 1999 மே 13-ல் நடப்பட்டது. 2007 முதல் இரு நாட்டு அதிபர்களும் அமைச்சர்களும் கூட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்துகிறார்கள். கடல் எல்லையை 2011-ல் இரண்டு கடிதங்களைப் பரிமாறிக்கொண்டே முடித்துவிட்டார்கள். தங்களுக்கு இடையிலான கடல் எல்லைக்காகப் பெருவும் சிலியும் சர்வதேச நீதிமன்றப் படியேறி, 2014-ல்தான் தீர்ப்பு வாங்கின என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

மலையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1995-ல் புதைத்த கண்ணிவெடிகளை எடுக்கும் வேலை இருபது ஆண்டு கழித்தும் முடியவில்லை. பெரு தன் பக்கத்துப் பூங்காவை 2007-ல் அறிவித்தபோது, முதலில் பேசிய பரப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. விடுபட்ட பகுதியில் தங்கச் சுரங்கத்துக்கு வழிவிட்டார்கள் என்று அவாஹுன் பழங்குடியினர் இன்றும் குற்றம் சாட்டுகிறார்கள். ஈக்வடார் பக்கத்தில் 2019-ல் மிராதோர் செம்புச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது, ஷுவார் பழங்குடியினரின் எதிர்ப்புக்கிடையே. அந்த மலையில் காலங்காலமாக வாழ்பவர்கள் இந்தப் பழங்குடியினர்தான். 1942-லும் 1998-லும் கோடு போட்டவர்களின் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.