சலமந்தருக்கு ஐந்து நொடிகள்

விடுகதையை எங்கள் ஊரில் ‘நொடி’ என்போம். மஃரிபுக்குப் பிறகு மூத்தம்மா நொடி போடுவார். நானும் தங்கையும் விடை தேடுவோம். உயிரியற் பாடத்தில் ஈரூடகவாழிகளைப் படித்தபோது, சலமந்தரைப் பற்றி நானே நொடி கட்டினால் என்ன என்று தோன்றியது. முதலில், “நெருப்பில் குளிப்பான், கருக மாட்டான்” என்று எழுதி மூத்தம்மாவிடம் சொன்னேன்.

“இது மெய்யா மகள்?” என்று கேட்டார்.

“இல்ல மூத்தம்மா. அந்தக் காலத்து ஆக்கள் அப்படி நம்பினவங்களாம்.”

“நொடியச் சுத்தி வளைச்சுப் போடலாம். பொய் சொல்லப்படா.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தேன். கீழே வரும் ஐந்தும் சுற்றி வளைப்பவை. ஆனால் பொய் சொல்லாதவை.

சலமந்தர் பார்வைக்கு அரணை, உறவுக்குத் தவளை. வாலும் நான்கு கால்களும் உண்டு, செதில் கிடையாது, தோல் எப்போதும் ஈரமாக இருக்கும். உலகில் 700இற்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இலங்கையில் ஒன்றுகூட இல்லை. நமக்கு அருகில் காண்பதென்றால் இமயமலைப் பக்கம், டார்ஜிலிங் வரை போகவேண்டும்.

1. மூச்சும் உண்டு, மூக்கும் உண்டு. மூச்சை வாங்கும் பை மட்டும் இல்லை. அது என்ன?

விடை: நுரையீரலற்ற சலமந்தர். சலமந்தர் இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்தக் குடும்பத்தவை. பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றன. ஒட்சிசன் தோலினூடாகவும் வாயின் உட்புறத்தினூடாகவும் நேரே குருதிக்குள் செல்கிறது. தோல் காய்ந்தால் மூச்சும் நின்றுவிடும். அதனால்தான் இவை ஈர இலைகளுக்கும் கற்களுக்கும் அடியில் ஒதுங்கி வாழ்கின்றன.

2. விறகோடு வந்தான், நெருப்பில் பிறந்தான் என்று பேர் வாங்கினான். அவன் யார்?

விடை: தீச்சலமந்தர். ஐரோப்பியக் காடுகளில் வாழும், கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகள் கொண்ட இனம் இது. குளிர்காலத்தில் உக்கிய மரக்கட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் கட்டையை அடுப்பில் வைத்தால் சூடு தாங்காமல் வெளியே ஓடிவரும். பார்த்தவர்கள், தீயிலிருந்தே பிறந்ததாக எண்ணிக்கொண்டார்கள். பழைய அரபு நூல்களிலும் ‘ஸமந்தல்’ என்ற பெயரில், நெருப்பு சுடாத ஓர் உயிரினத்தின் கதை வருகிறது. உண்மையில் அது உயிர் தப்ப ஓடிய பிராணி. நான் கிழித்த தாளில் இருந்ததும் இதே பிழைதான்.

3. பிறந்தபோது கண் இருந்தது. பார்க்க ஒன்றுமில்லை என்று மூடிக்கொண்டான். அவன் யார்?

விடை: ஓல்ம். ஸ்லோவேனியாவிலும் அதன் அயல் நாடுகளிலும் சுண்ணக்கல் குகைகளுக்குள் ஓடும் நீரில் வாழ்கிறது. குடம்பியாக இருக்கும்போது கண்கள் தெரியும்; வளர வளர அவை ஒடுங்கித் தோலால் மூடப்படும். இருட்டில் மணத்தையும் நீரின் அசைவையும் கொண்டே இரை தேடும். உணவின்றிப் பல வருடங்கள் உயிர் வாழவும் முடியும். பெருமழைக்குப் பின் குகை வெள்ளத்தோடு வெளியே வந்த இதை, டிராகனின் குட்டி என்று ஊர்மக்கள் நம்பினார்கள். வல்வசோர் என்ற அறிஞர் 1689ஆம் ஆண்டிலேயே அந்த நம்பிக்கையை எழுதிவைத்திருக்கிறார்.

4. கல்லுக்குள் கிடந்தபோது மனிதன் என்று பேரெடுத்தான். கல்லைச் செதுக்கியதும் நாலுகாலன் ஆனான். அவன் யார்?

விடை: இராட்சதச் சலமந்தரின் உயிர்ச்சுவடு. 1726இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஷொய்ச்சர் என்ற மருத்துவர், கல்லில் பதிந்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதினார். நூஹ் நபி (அலை) அவர்களின் காலத்துப் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதனே அது என்றார். 1811இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் குவியர் அதே கல்லை மெல்லச் செதுக்கினார். உள்ளே மறைந்திருந்த முன்கால்கள் வெளியே வந்தன. அது சலமந்தர் என்பது உறுதியாயிற்று. இன்றும் அக்கல் நெதர்லாந்தின் தெய்லர்ஸ் நூதனசாலையில் இருக்கிறது. அதன் உறவினங்கள் சீனாவிலும் ஜப்பானிலும் உயிரோடு இருக்கின்றன. ஜப்பானிய இனம் ஐந்தடி வரை வளரும்.

இந்த நொடியில் நான் நெடுநேரம் நின்றேன். பெருவெள்ளத்தை நாமும்தான் நம்புகிறோம். ஷொய்ச்சரை அந்த நம்பிக்கை ஏமாற்றவில்லை; கல்லை முழுதாகப் பார்க்குமுன் விடை சொன்ன அவசரந்தான் ஏமாற்றியது. அல்லாஹ்வின் படைப்பைப் பார் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அரைகுறையாகப் பார்ப்பது பார்த்தது ஆகாது.

5. கழுத்தில் பூ, வாடாத பூ. பேரப்பிள்ளை கண்டாலும் பிள்ளைப் பருவம் போகாது. அது என்ன?

விடை: அக்சலோட்டல். மீனின் சுவாச உறுப்பை நாம் ‘பூ’ என்கிறோம் அல்லவா? அக்சலோட்டலின் பூக்கள் தலையின் இருபுறமும் இறகுபோல வெளியே தெரியும். மற்றச் சலமந்தர்களில் பல, வாற்பேய் தவளையாவதுபோல் உருமாறும்போது பூக்களை இழக்கின்றன. இது அவற்றை வைத்துக்கொண்டே முதிர்ந்து, முட்டையும் இடும். 1864இல் மெக்சிக்கோவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டவற்றின் குஞ்சுகளில் சில, பூக்களை இழந்து வேறொரு பிராணிபோல் மாறின. அறிஞர்கள் திகைத்தார்கள். தைரொயிட் ஓமோன் கொடுத்தால் இந்த மாற்றத்தை ஏற்படுத்தலாம் என்பது பின்னர் தெரியவந்தது. கால் துண்டிக்கப்பட்டாலும் எலும்பும் விரல்களும் சேர்ந்து புதிதாக வளரும். அது எப்படி என்று ஆய்வுகூடங்களில் இன்றும் ஆராய்கிறார்கள்.

ஆனால் அதன் சொந்த ஊர், மெக்சிக்கோ நகரின் சொச்சிமில்கோ கால்வாய்கள். 1998இல் அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தன. 2008இல் அது 100 ஆகிவிட்டது. நகரத்தின் அழுக்கு நீர் ஒரு காரணம். உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட காப் மீனும், நம் குளங்களிலும் இருக்கும் திலாப்பியாவும் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பது இன்னொரு காரணம். கண்ணாடித் தொட்டிகளில் ஆயிரக்கணக்கில் வளர்கிறது. தன் ஊரில் அருகிப்போகிறது.

ஐந்தையும் மூத்தம்மாவிடம் போட்டேன். ‘பூ’வுக்குச் சிரித்தார். பிறகு அவர் பங்குக்கு உறியைப் பற்றி ஒரு நொடி போட்டார். தங்கைக்கு விடை வரவில்லை. சொன்ன பிறகும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் உறி தொங்கிய காலத்தில் அவள் பிறக்கவே இல்லை.

பொருள் போனால் நொடியும் போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறி போனதற்கு ஈடாகக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. அக்சலோட்டல் போனால் அதற்கு ஈடாக எது வரும்? இந்த நொடிக்கு எனக்கு விடை தெரியவில்லை.