கிணற்றடி எஞ்சினைப் பேணும் முறை

ஏற்றத்தில் ஏறி மிதித்தும், கவலை பூட்டி மாடுகளை ஓட்டியும் கிணற்று நீரை இறைத்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து உழவர் தம் மாடுகளுக்கு வேளையறிந்து தீனி வைத்தனர். உச்சிப்பொழுதில் ஓய்வு தந்தனர். குளம்பில் முள் தைத்தால் அன்றே வைத்தியம் செய்தனர். மாடுகள் நின்ற இடத்தில் எண்ணெய் எஞ்சின் வந்து அமர்ந்த பின்னர் அந்தப் பரிவு குறைந்துவிட்டது. இரும்புக்கு நோவில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அஃது உண்மையன்று. எஞ்சினும் தன் நோவைப் புகையாலும், ஓசையாலும், சூட்டாலும் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. அதை அறிந்து காலத்தே கவனிப்பவருக்கு அது தலைமுறை கடந்தும் உழைக்கும். கவனியாதவருக்குப் பயிர் வாடும் நாளில்தான் நின்றுபோகும்.

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் ஏரிகளால் வளம் பெற்ற பகுதியாகும். செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என ஏரிகள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. வயல்கள் பல மனைகளாகிவிட்டன. ஆயினும் பூவிருந்தவல்லி, திருமழிசைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கீரையும் காய்கறியும் நெல்லும் விளைகின்றன. நீரிறைக்கும் பணியைப் பெரும்பாலும் மின்மோட்டார்களே செய்கின்றன என்பது மெய்யே. எனினும் மின் இணைப்புக்குக் காத்திருக்கும் உழவருக்கும், மின்தடை நேரத்தில் நாற்றங்காலைக் காக்க வேண்டியவருக்கும், மழைக்காலத்தில் தாழ்ந்த தெருக்களில் தேங்கும் நீரை வெளியேற்ற வேண்டிய ஊராட்சிகளுக்கும் எண்ணெய் எஞ்சின் இன்றும் இன்றியமையாத துணையாகவே உள்ளது.

நீண்ட ஆயுள் கொண்ட எஞ்சின்

நம் கிராமங்களில் பழகிய எஞ்சின், ஒற்றைச் சிலிண்டரும், இரு பக்கமும் ஃப்ளைவீல் எனும் கனத்த சக்கரங்களும் கொண்டு, நிமிடத்திற்கு 600 அல்லது 650 சுற்று நிதானமாகச் சுழல்வதாகும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் நிறுவனம் 1930-ஆம் ஆண்டையொட்டி இவ்வகையை வெளியிட்டது. பின்னர் குஜராத் மாநிலத்து ராஜ்கோட்டில் இதே அமைப்பில் எஞ்சின்கள் பெருமளவில் செய்யப்பட்டு நாடெங்கும் பரவின. பூனாவை அடுத்த கட்கியில் 1946-இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் நிறுவனமும் உழவர்களிடையே பெயர் பெற்றது.

இத்தகைய நிதானமான எஞ்சின்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளே சான்று. அங்கே 1930-களில் சரக்குப் படகுகளில் பொருத்தப்பட்ட டீசல் எஞ்சின்கள் சில, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே படகுகளைச் செலுத்தி வருகின்றன. அவற்றைக் காத்தவை தூய எரிபொருள், தூய மசகெண்ணெய், தூய காற்று, தூய நீர் ஆகிய நான்குமே. நம் கிணற்றடிக்கும் இதுவே முறை.

எரிபொருள்

கிராமங்களில் குரூடாயில் என்று வழங்கும் டீசலில் தூசியும் நீரும் கலந்திருப்பதே எஞ்சினுக்கு முதற்பகை. எரிபொருள் பம்பின் உறுப்புகள் தலைமயிரினும் மெல்லிய இடைவெளியில் இயங்குவன. கண்ணுக்குப் புலப்படாத மணலும் அவற்றைத் தேய்த்துவிடும். ஆகவே டீசல் பீப்பாயை ஒரு நாளேனும் அசைக்காமல் வைத்து, வண்டல் அடியில் தங்கிய பின்னர், மேலுள்ளதை மட்டும் நுண்ணிய வலையிட்ட புனல் வழியே ஊற்ற வேண்டும். பஞ்சும் நூல் உதிரும் துணியும் வடிகட்ட உதவா. வேலை முடிந்த மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பது நலம். வெறுந்தொட்டியில் இரவுக் குளிரால் நீர் பனித்துச் சேரும்.

தொட்டியை முற்றும் வற்றவிட்டால் குழாயில் காற்றுப் புகுந்துகொள்ளும். பின்பு எவ்வளவு சுழற்றினும் எஞ்சின் கிளம்பாது. அப்போது வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும் வரை காற்றை வெளியேற்றி, மீண்டும் இறுக்க வேண்டும். ஒழுக்கையும் அற்பமென எண்ணலாகாது. நொடிக்கு ஒரு துளி வீதம் இடைவிடாது ஒழுகினால் ஓராண்டில் வீணாவது 1,000 லிட்டருக்கும் மேற்படும். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் செலவிடும் என்பதோடு இதை ஒப்பிட்டு நோக்குக.

மசகெண்ணெயும் காற்றும்

நாள்தோறும் எஞ்சினைக் கிளப்புமுன் அளவுகோலை எடுத்துத் துடைத்து மசகெண்ணெயின் மட்டம் பார்த்தல் வேண்டும். குறைந்தால் ஊற்றினாற் போதும் என்று பலர் இருந்துவிடுகின்றனர். எண்ணெய் குறையாவிடினும் அழுக்கேறுகிறது. கரியும் இரும்புத் தூளும் அதில் சேர்கின்றன. எனவே தயாரிப்பாளரின் கையேடு குறித்துள்ள மணிக்கணக்குப்படி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழையதை முற்றிலும் வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது ஊர் நீரையே கெடுப்பதாகும். அதைத் தனிக் கலத்தில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தலும் அவ்வாறே முக்கியம். செம்மண் புழுதி பறக்கும் கோடையில் வாரந்தோறும் கழுவி, அதன் கிண்ணத்தில் புது எண்ணெய் இட வேண்டும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினால் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் ஒரு பருவத்திலேயே தேய்ந்துபோகக் கூடும்.

குளிர்விக்கும் நீர்

எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது தவறான எண்ணம். பம்பு இறைக்கும் நீரில் ஒரு பகுதியை அப்படியே எஞ்சினுக்குள் பாய்ச்சும் வழக்கம் நம்மிடையே உண்டு. கிணற்று நீரின் குளிர்ச்சியால் சிலிண்டரின் சுவர் சூடேறாமற் போக, டீசல் முழுதும் எரிவதில்லை. புகையிலுள்ள நீராவி உள்ளேயே படிந்து அமிலமாகி இரும்பை அரிக்கிறது. வெளிவரும் நீர், கையை வைத்தவுடன் எடுக்கத் தோன்றும் சூட்டில், அதாவது ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இருக்குமாறு குழாயின் திருகைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உப்பு நீர்க் கிணறாயின், உட்சுவரில் படியும் உப்புப் படிவத்தை ஆண்டுக்கொரு முறை நீக்கிவிடுதல் நன்று.

பம்பும் பெல்ட்டும்

எஞ்சின் நன்றாக ஓடியும் நீர் குறைவாக வருமாயின் குறை பம்பில் இருக்கும். ஃபுட்வால்வில் இலையும் சகதியும் அடைத்திருக்கலாம்; உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுப் புகலாம். குழாயில் வளைவுகள் குறைவாகவும், விட்டம் போதியதாகவும் இருந்தால் அதே டீசலில் மிகுந்த நீர் கிடைக்கும். 1978-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பொருள் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கமும் உராய்வு குறைந்த ஃபுட்வால்வையும் தக்க குழாயையும் உழவர்களுக்குப் பரிந்துரைத்து வந்துள்ளது. பம்பின் கிளாண்டு கயிற்றை ஒரு சொட்டும் கசியாதவாறு இறுக்குவதும் பிழை. சிறிதளவு சொட்டினால்தான் தண்டு சூடேறாது.

பெல்ட்டின் இறுகிய பக்கம் கீழேயும் தளர்ந்த பக்கம் மேலேயும் அமைந்தால் சக்கரத்தை நன்கு பற்றும். பெல்ட்டையும் ஃப்ளைவீலையும் சுற்றிக் கம்பி வலைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். தொங்கும் துண்டு, அவிழ்ந்த வேட்டி, சேலைத் தலைப்பு, பின்னல் ஆகியவை ஒரு கணத்தில் சிக்கிக்கொள்ளும். ஓடும் எஞ்சினருகே சிறுவர்களை விளையாட விடலாகாது. கைப்பிடியைச் சுழற்றுகையில் கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கை பிழைக்கும்.

கிணற்றுக்குள் எஞ்சின் வேண்டா

நாம் இக்கட்டுரையில் எல்லாவற்றினும் வலியுறுத்த விரும்புவது இதுவே. காற்றழுத்தம் நீரைப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் வரையே தூக்க வல்லது. நடைமுறையில் பம்பு உறிஞ்சும் ஆழம் ஆறு அல்லது ஏழு மீட்டர்தான். கோடையில் நீர்மட்டம் அதனினும் கீழே சென்றதும் சிலர் எஞ்சினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகின்றனர். தூர் வாருவதற்காகச் சிறிய எஞ்சினை இறக்குவாரும் உளர். கிணறு காற்றோட்டமற்ற குழி. எஞ்சின் அங்குள்ள உயிர்க்காற்றைத் தான் உட்கொண்டு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க ஓடிய தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கிய அண்டை வீட்டாரும் அடுத்தடுத்து விழுகின்றனர். ஒரே குடும்பத்தில் இருவர் மூவரை இழந்த துயரச் செய்திகளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பழைய நம்பிக்கை. விளக்கு நன்றாக எரியும் காற்றிலும் உயிரைக் குடிக்கும் அளவு கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். எனவே அந்தச் சோதனையை நம்பலாகாது. எஞ்சினைத் தரையிலேயே நிறுத்துக. நீர் ஆழத்தில் இருப்பின் நீர்மூழ்கி மின்பம்பு போன்ற வேறு வழியை நாடுக. எவரேனும் கிணற்றில் மயங்கி விழுந்தால் ஒருவரும் பின்தொடர்ந்து இறங்காமல், 101 என்னும் எண்ணில் தீயணைப்புத் துறையையும் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியையும் உடனே அழைக்க வேண்டும்.

புகை கூறும் செய்தி

நன்றாக இயங்கும் எஞ்சினின் புகை கண்ணுக்கு அரிதாகவே தெரியும். கரும்புகை மிகுந்தால் சுமை அதிகம், காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை என்று பொருள். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதையும் வளையங்கள் தேய்ந்ததையும் காட்டும். வெண்புகை, டீசல் எரியாமல் வருவதையோ நீர் கலந்திருப்பதையோ உணர்த்தும். இவற்றைக் கண்டதும் கவனித்தால் சிறு செலவோடு போகும். நாசிலையும் எரிபொருள் பம்பையும் வீட்டில் பிரித்துப் பார்ப்பது தகாது. தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே முறை. நம் வட்டாரத்தார்க்கு இது அரிதன்று. 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பட்டறைகள் பல வளர்ந்துள்ளன.

மழைக்கு முன்னும் பின்னும்

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரி நீரும் பிற ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் பெருகிப் பல பகுதிகளை மூழ்கடித்ததை இவ்வட்டாரத்தார் மறந்திரார். அத்தகைய நாளில் மின்சாரம் முதலில் நிறுத்தப்படும்; நீரை வெளியேற்ற எண்ணெய் எஞ்சினே உதவும். ஆனால் ஆண்டெல்லாம் மூலையில் துருவேறிக் கிடந்த எஞ்சின் அன்று மட்டும் எழுந்து ஓடாது. ஆதலின் ஓய்விலுள்ள எஞ்சினையும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் சுமையோடு ஓட்ட வேண்டும். நெடுநாள் நிறுத்துவதாயின் உள்ளிருக்கும் நீரை வடித்து, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில் சக்கரத்தை நிறுத்தி, புகைக்குழாயின் வாயைத் தகர மூடியால் மூடி வைக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை உடனே கிளப்ப முயல்வது பெருந்தவறு. நீரை அமுக்க இயலாது. சிலிண்டரில் நீர் நிற்கையில் விசையோடு சுழற்றினால் இணைப்புத் தண்டு வளையும். முதலில் மசகெண்ணெயையும் டீசலையும் வடித்துவிட்டு, நாசிலைக் கழற்றச் செய்து, கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றி, எல்லாம் உலர்ந்த பின்னர்ப் புது எண்ணெய் இட்டே ஓட்ட வேண்டும்.

குறிப்பேடு

இவையனைத்தையும் நினைவில் வைத்தல் எளிதன்று. ஆகவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். ஓடிய மணி, ஊற்றிய டீசல், எண்ணெய் மாற்றிய நாள், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை அன்றன்றே எழுதி வந்தால், மணிக்கு ஆகும் டீசல் செலவு ஏறும்போதே குறை வெளிப்பட்டுவிடும். எழுதும் பொறுப்பைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்களும் இயந்திர அறிவு பெறுவர். ஊராட்சியின் பொது எஞ்சினுக்கு இது இன்னும் அவசியம். பலர் கையாளும் பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயரளவிலன்றி உண்மையிலேயே இருத்தல் வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வோர் ஊரிலும் எஞ்சின்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, குறைகளைக் களைந்து, டீசலும் உதிரி பெல்ட்டும் ஃபுட்வால்வும் ஆயத்தமாக வைத்துக்கொள்வோமாக. வறட்சியில் பயிரையும் வெள்ளத்தில் வீட்டையும் காக்கும் இத்துணைக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை அதுவே.