உள்ளங்கை அகலக் கடிவாளம்

இரண்டு டன் எடை. மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வேகம். அதை அடக்குவது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பிரேக் பேடு. பந்தயத் தளத்துக்கு ஆசையோடு காரை எடுத்து வருபவர்கள் கடைசியாக யோசிக்கும் சமாசாரமும் அதுதான்.

முதல் சுற்றில் தயக்கம். இரண்டாவது சுற்றில் நம்பிக்கை. மூன்றாவது சுற்றில் வேகம். நான்காவது சுற்றில், நீண்ட நேர்பாதையின் முடிவில், ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்கிறார். பெடல் கல்லைப் போல் உறுதியாக நிற்கிறது. நிற்க மறுப்பது கார்தான். அவர் இன்னும் பலமாக மிதிக்கிறார். வளைவு தவறிப் போகிறது. தளத்துக்கு வெளியே இருக்கும் காலி இடம் காரைக் காப்பாற்றுகிறது. பிட்டுக்குள் மெதுவாக நுழையும்போது முன்சக்கரங்களிலிருந்து புகையும் கருகல் நாற்றமும் வருகின்றன. 'நேற்றுதான் சர்வீஸ் செய்தேனே?' என்பதுதான் பெரும்பாலும் அடுத்து எழும் கேள்வி.

சர்வீஸில் குறை இல்லை. சாலைக்காகச் செய்த பேடுகள் சாலையில் செய்ய வேண்டியதைச் செய்தன. பந்தயத் தளம் கேட்டது வேறு வேலை.

தலைநகருக்குப் பக்கத்தில், யமுனா எக்ஸ்பிரஸ்வே ஓரமாக இருக்கும் புத் சர்வதேச பந்தயத் தளத்துக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல. ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே வடிவமைத்த இந்தத் தளத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். 2023ல் மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் வந்து போனது. ஆனால் பந்தய வீரர்களுக்கு மட்டுமே சொந்தமான இடமல்ல இது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை ஆசை தீர ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' நாட்களும் இங்கே உண்டு. தெற்கே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் திறக்கப்பட்ட தளத்திலும், கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இதே மோகம்தான்.

மாறியிருப்பது கார்கள். ஒரு காலத்தில் டிராக்கில் சீறியவை எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிட்ட சிறிய மாருதிகள். இப்போது வருபவற்றில் ஜெர்மன் செடான்களும் ஜப்பானிய கூபேக்களும் எஸ்யூவிகளும் இருக்கின்றன. எல்லாமே கனமானவை. பிஎம்டபிள்யூவின் எம்5 ஓர் உதாரணம். 1980களின் மத்தியில் வந்த முதல் எம்5 சுமார் 1,430 கிலோ. 2024ல் வந்த ஹைபிரிட் எம்5, பேட்டரியையும் சுமந்துகொண்டு 2,435 கிலோ. சுமார் 40 ஆண்டுகளில் ஒரு டன் கூடியிருக்கிறது. 727 குதிரை சக்தியுள்ள எஞ்சினும் மோட்டாரும் அந்த எடையை மறக்கடிக்கின்றன. பிரேக்கால் மறக்க முடியாது.

சூட்டின் கணக்கு

பிரேக் என்பது காரை நிறுத்தும் சாதனம் என்பது பொதுவான நினைப்பு. பௌதிகத்தின் கண்ணில் அது ஓர் அடுப்பு. ஓட்டத்தில் இருக்கும் சக்தியை உரசி உரசிச் சூடாக மாற்றி, அந்தச் சூட்டைக் காற்றில் கரைப்பதுதான் அதன் வேலை.

கணக்கு எளிது. ஓட்டுபவரையும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள கார் 220 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ.க்குக் குறைகிறது. இதற்காகக் கரைக்க வேண்டிய சக்தி, அறையின் சூட்டில் இருக்கும் 11 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வீட்டில் இருக்கும் ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு இந்த வேலையைக் கொடுத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். காருக்குக் கிடைப்பது நான்கே நொடி. காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு டிஸ்க்குகளின் தலையில். பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால், அதில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ முன்சக்கரங்களுக்குப் போகிறது.

இதே இடத்துக்கு 800 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார் 150 கி.மீ. வேகத்தில் வந்து சேர்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீருக்குக்கூட அந்தச் சூடு போதாது. எடை இரண்டரை மடங்குதான். சூடோ ஆறு மடங்குக்கு மேல். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்ற விதியின் விளையாட்டு இது. கனமான காருக்குப் பெரிய எஞ்சின். பெரிய எஞ்சின் என்பதால் கூடுதல் வேகம். எடை, வேகம் இரண்டும் சேர்ந்து பேடின் கழுத்தைப் பிடிக்கின்றன.

அதுவும் ஒருமுறை அல்ல. சாலையில் ஒரு பலமான பிரேக்குக்குப் பிறகு ஆற அவகாசம் உண்டு. டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடுகிறது. நகர ஓட்டத்தில் 100, 200 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் டிஸ்க், இங்கே 500, 600 டிகிரியை எட்டுவது சகஜம். அந்தி வேளையில் அது செக்கச் செவேலென்று ஒளிர்வதையும் பார்க்கலாம்.

இரண்டு தோல்விகள்

இந்தச் சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். எது நடந்தது என்பதைக் கால் சொல்லிவிடும்.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் குற்றவாளி பேடு. அதன் பொடிகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் சிதைந்து வாயுவைக் கக்குகிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே பிடிப்பு போய்விடுகிறது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டால் குற்றவாளி மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம். அது கொதித்து, குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். திரவத்தை அழுத்த முடியாது என்பதால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆவியை அழுத்தலாம். ஓட்டுபவரின் காலும் அதைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மழைக்காலம் இரண்டைக் கண்ட பழைய திரவத்தோடு, விலையுயர்ந்த புதுப் பேடுகளைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஓட்டைக் குடத்துக்குத் தங்கமுலாம் பூசியவர்கள். பேடு தாங்கும். திரவம் தாங்காது.

எந்தப் பேடு?

பிரேக்கில் உராய்வுப் பொருளின் வரலாறு எளிமையாகத் தொடங்கியது. சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைச் சக்கரக் கட்டையில் கட்டுவதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897ல் இந்தத் தொழிலில் இறங்கினார் என்று சொல்வார்கள். அவருடைய ஃபெரோடோ பெயர் இன்றும் பேடுகளில் இருக்கிறது. பிறகு பல ஆண்டுகள் ஆஸ்பெஸ்டாஸின் ராஜ்யம். அது நுரையீரலுக்கு எமன் என்பது தெரிந்தபின் மாற்றுப் பொருட்கள் வந்தன.

இன்று கிடைப்பவற்றைத் தோராயமாக நான்காகப் பிரிக்கலாம். இழைகளும் பிசினும் கலந்த ஆர்கானிக் பேடு சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது, சூட்டைத் தாங்காது. செராமிக் பேடு தூசி குறைவாகக் கொட்டும். அமைதியானது. ஆனால் பெயரில் இருக்கும் கம்பீரத்தை நம்பி டிராக்குக்கு எடுத்துப் போனால் சாலைக்கான பெரும்பாலான செராமிக் பேடுகள் ஏமாற்றிவிடும். எஃகு இழைகளும் செம்பும் கலந்த செமி மெட்டாலிக் பேடு இன்னும் அதிகச் சூடு தாங்கும். கொஞ்சம் கிறீச்சிடும். கடைசி வகை, பந்தயத்துக்கென்றே செய்தவை. 600 டிகிரிக்கு மேலும் பிடியை விடாதவை இவற்றில் உண்டு.

அப்படியானால் பந்தயப் பேட்டையே வாங்கிப் போட்டுவிடலாமே? இங்குதான் பலரும் சறுக்குகிறார்கள். பந்தயப் பேடு சூடாக இருக்கும்போதுதான் பேடு. குளிர்ந்திருக்கும்போது அது வெறும் கட்டை. ஜனவரி மாத விடியலில் பனிமூட்டத்துக்குள் நொய்டாவை நோக்கி வரும் காருக்குக் குறுக்கே ஒரு சைக்கிள்காரர் வந்தால், அந்தப் பேடு முதல் மிதியில் கடிக்காது. டிராக்கில் ஓட்டுபவரைக் காப்பாற்றும் பேடு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் மற்றவரைக் கொல்லக்கூடும். போதாததற்கு லாரி ஹார்ன் போன்ற கிறீச்சல், சக்கரத்தின் பெயின்ட்டை அரிக்கும் தூசி, வேகமாகத் தேயும் டிஸ்க்.

எல்லாச் சூட்டிலும் ஒரே மாதிரி கடிக்கும் பேடு இல்லை. ஆகவே 'எது சிறந்த பேடு?' என்பது தவறான கேள்வி. 'என் கார் எந்தச் சூட்டில் ஓடப் போகிறது?' என்பதே சரியானது. வருடத்தில் ஒருமுறை, ஒரு தடவைக்கு மூன்று நான்கு சுற்றுகள் என்று ஓட்டுபவருக்கு நல்ல சாலைப் பேடும் புதுத் திரவமும் அடக்கமும் போதும். மாதாமாதம் வருபவருக்கு, அதுவும் இரண்டு டன் காரோடு வருபவருக்கு, இரண்டு செட் தேவை. ஒன்று சாலைக்கு, ஒன்று டிராக்குக்கு. இலகுவான காரில் இரண்டுக்கும் நடுவான ஒரு பேட்டை வைத்துச் சமாளித்துவிடலாம். கனமான கார் அந்தச் சமாளிப்பை அனுமதிப்பதில்லை.

பேடின் விளிம்பில் இருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. அவை உராய்வின் அளவைச் சொல்பவை. எஃப் என்றால் 0.35க்கும் 0.45க்கும் இடையே. ஜி என்றால் அதற்கு மேல். ஆனால் அந்தச் சோதனை, பேடிலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் உரசிப் பார்த்துச் செய்யப்படுவது. டிராக்கின் சூட்டை அது எட்டுவதில்லை. தவிர, உராய்வு கூடினால் கார் சீக்கிரம் நிற்கும் என்பதும் பிரமை. கடைசியில் காரை நிறுத்துவது டயரின் பிடி. ஏபிஎஸ் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சாதாரணச் சாலைப் பேடும் முதல் மிதியில் கடிக்கும். நல்ல பேடின் யோக்கியதை பத்தாவது மிதியில்தான் தெரியும்.

தேர்வு செய்தபின்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. முன்னால் பந்தயப் பேடு, பின்னால் பழைய சாலைப் பேடு என்று கலந்தால் காரின் சமநிலை கெடும். வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கான பேட்டைக் கார்பன் செராமிக் டிஸ்க்கில் மாட்டினால், அதிக விலையுள்ள டிஸ்க் பாழாகும். தேய்ந்து பாதியான பேடு டிஸ்க்கின் சூட்டைத் தடுக்காமல் திரவத்துக்குக் கடத்திவிடும். புதுப் பேட்டை முதலில் மிதமாகவும் பிறகு பலமாகவும் பலமுறை மிதித்துப் பழக்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க்கின் மேல் பேடின் மெல்லிய படலம் சீராகப் படியும். சூடான பிரேக்கை மிதித்தபடி காரை நிறுத்தி வைத்தால் அந்தப் படலம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் புலம்பும் அதிர்வுக்குப் பல சமயம் இதுதான் காரணம். அதனால்தான் அனுபவசாலிகள் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமலே மெதுவாக ஓட்டி முடிக்கிறார்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கையும் இழுப்பதில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கிறார்கள்.

செலவு? பந்தயப் பேடுகளில் பெரும்பாலானவை இறக்குமதி. சென்னையின் பாடி, அம்பத்தூர் வட்டாரங்களில் பல்லாண்டுகளாக பிரேக் லைனிங் தயாராகிறது என்றாலும், அந்த உற்பத்தி முக்கியமாக சாலை வாகனங்களுக்கு. விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இன்னொரு தாளையும் படித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி, பந்தயத்தையும் வேகச் சோதனையையும் தன் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. டிராக்கின் சுவரில் மோதினால் அநேகமாக மொத்தச் செலவும் உரிமையாளருடையதுதான். அந்தக் கணக்கில் இரண்டாவது செட் பேடு மிக மலிவு.

டிராக் டே முடியும் மாலையில் பிட் பகுதியில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் தங்கள் சுற்று நேரத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருக்கும். ஓர் ஓரத்தில் யாராவது ஒருவர் டிஸ்க் ஆறும்வரை காத்திருந்து, காரை ஜாக்கில் ஏற்றி, கை முழுக்கக் கரியோடு பந்தயப் பேடுகளைக் கழற்றிச் சாலைப் பேடுகளை மாட்டிக்கொண்டிருப்பார். எக்ஸ்பிரஸ்வேயில் அவர் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டப் போவதில்லை. ஆனால் குறுக்கே யாராவது வந்தால் அவருடைய கார் நிற்கும்.