கல்வராயன்மலைக் கிழங்குக்கு விலை வைப்பது யார்?

'தாய்லாந்து மாவு வந்து இறங்கிடுச்சு, அதனால இந்த வருஷம் கிழங்குக்கு விலை இல்லைன்னு புரோக்கர் சொல்றார். எங்கேயோ இருக்கிற தாய்லாந்துக்கும் எங்க கொல்லைக்கும் என்னங்க சம்பந்தம்? நிஜமா, இல்லை விலையைக் குறைக்கச் சொல்ற சாக்கா?'

சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன்மலைப் பகுதி வாசகர்கள் அறுவடைக் காலம் வந்தால் கேட்கும் கேள்வி இது. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல என்பதால், கேள்வி-பதில் பகுதியில் போடாமல் தனியாகவே எழுதுகிறோம். சுருக்கமான பதில் வேண்டுவோருக்கு: பாதி நிஜம், பாதி சாக்கு. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால்தான் லாரி ஏற்றும்போது பேச முடியும்.

கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், சரிவெல்லாம் மரவள்ளி நிற்பதைப் பார்க்கலாம். மானாவாரி. மழையை நம்பி நட்டு, ஒன்பது பத்து மாதம் காத்திருந்து, பிடுங்கி மலையிறக்க வேண்டும். ஒரு பகுதி சின்னசேலம் பக்கம் ஆலைகளுக்குப் போகிறது. மேற்கே கருமந்துறை வழியாக ஆத்தூர், சேலம் பக்கம் போவதும் உண்டு. என்ன ரகம் என்று கேட்டால் முள்ளுவாடி, குங்குமரோஸ் என்ற பெயர்களோடு 'வெள்ளைத் தாய்லாந்து', 'பர்மா' என்றும் சொல்வார்கள். தாய்லாந்தோடு சம்பந்தமே இல்லை என்று நாம் நினைக்கும்போதே, கொல்லையில் நிற்கும் செடிக்கு அந்தப் பெயர்தான் இருக்கிறது!

மரவள்ளியே வெளிநாட்டுச் செடிதான். தென் அமெரிக்காவில் இருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பியதால் கேரளத்தில் ஏழைகளின் சோறானது. நம் பக்கம் இது ஆலைக்குப் போகும் பயிரானதற்குக் காரணம் ஓர் உலகப்போர். அதற்கு முன்பு ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர் பக்கம் இருந்து கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. ஜாவா அரிசி என்பதுதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான் படை சிங்கப்பூரைப் பிடித்ததும் அந்தச் சரக்கு நின்றுபோனது. அடுத்த ஆண்டு, சேலம் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி, பெனாங்கில் இருந்து வந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளி மாவிலேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். அப்போது கையால் குலுக்கி உருட்டியதுதான். அதில் இருந்து வளர்ந்த தொழிலுக்கு 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, உலக அரசியல் நம் கொல்லைக்குள் புதிதாக நுழையவில்லை. இந்தத் தொழில் பிறந்ததே அதனால்தான்.

இப்போது தாய்லாந்துக்கு வருவோம்.

மரவள்ளிப் பொருள்களை ஏற்றுமதி செய்வதில் உலகிலேயே முதல் நாடு தாய்லாந்து. அதில் பெரும்பகுதியை வாங்குவது சீனா. விளைச்சலில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தின் சராசரி ஏக்கருக்கு எட்டு ஒன்பது டன்தான். நம் நாட்டின் சராசரி அதைவிட நன்றாகவே அதிகம். அவர்களின் பலம் பெரிய ஆலைகளும் துறைமுகமும். பலவீனம், ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பது. சீனாவின் சாராய ஆலைகளும் மாவு ஆலைகளும் மரவள்ளியையும் வாங்கும், மக்காச்சோளத்தையும் வாங்கும். அங்கே மக்காச்சோளம் மலிந்தால் மரவள்ளியைக் கைவிட்டுவிடும். அப்போது தாய்லாந்தில் சரக்கு தேங்கி விலை சரியும். மலிந்த மாவு வேறு நாடுகளில் வாங்க ஆள் தேடும். ஒரு மூட்டைகூட நம் ஊருக்கு வராவிட்டாலும், 'வந்துவிடும்' என்ற பேச்சே விலையை இறக்கிவிடும். புரோக்கர் சொல்வதில் உள்ள நிஜப் பாதி இதுதான்.

ஆனால் அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நம் மரவள்ளி விலையைத் தாய்லாந்தைவிடப் பக்கத்தில் இருந்து ஆட்டிவைப்பது மக்காச்சோளம்.

கள்ளக்குறிச்சி மாவட்ட விவசாயிக்கு மக்காச்சோளத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் அதுவும் மரவள்ளியும் வரப்புக்கு வரப்பு நிற்கின்றன. மக்காச்சோள மாவும் ஸ்டார்ச்தான். துணி ஆலை, காகித ஆலை, பசை தயாரிப்பு என்று மரவள்ளி மாவு போகிற பல இடங்களுக்கு அதுவும் போகும். மக்காச்சோள மாவு மலிந்தால் அந்த ஆலைகள் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். ஜவ்வரிசியிலேயே மக்காச்சோள மாவைக் கலக்கும் மோசடியும் இருக்கிறது. அதை எதிர்த்து சேலம், நாமக்கல் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். கலப்படம் செய்கிறவருக்கு எப்போது லாபம் கூடும்? மக்காச்சோளம் மலிவாகவும் கிழங்கு விலை உயர்ந்தும் இருக்கும்போதுதான். அதாவது, நமக்கு நல்ல விலை கிடைக்கவேண்டிய நேரம் பார்த்து அது வரும்.

மக்காச்சோள விலையோ பெட்ரோலோடு கட்டப்பட்டிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்துக்காக, 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்ததும் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் பாய்ந்தன. விலை ஏறியது. பல ஆண்டுகளாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நம் நாடு, 2024-ல் மியான்மர், உக்ரைன் நாடுகளில் இருந்து வாங்கும் நிலைக்கு வந்தது. அந்த விலையைப் பார்த்து எல்லா மாநிலங்களிலும் பரப்பு கூடியது. எத்தனாலுக்கு அரசுக் கிடங்கு அரிசியும் தரப்பட்டது. விளைவு, 2025-26-க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய் என்று அறிவித்திருந்தும், 2025 கடைசியில் கர்நாடகச் சந்தைகளில் அதற்கு வெகு கீழே போய் விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். இதற்கிடையே, தங்கள் மக்காச்சோளத்துக்குக் கதவைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா நெருக்கியது வேறு கதை.

ஆகவே கிழங்கு போடுகிற நாம் பார்க்கவேண்டிய விலைப்பட்டியல் தாய்லாந்துடையது அல்ல, உள்ளூர் மக்காச்சோளத்துடையது. அது தொடர்ந்து சரிந்தால், சில வாரங்களில் கிழங்கு விலையிலும் அதன் சாயல் தெரியும் என்று எதிர்பார்க்கலாம்.

பொட்டாஷ் கதையையும் சொல்லிவிட வேண்டும். கிழங்கில் மாவு ஏற மணிச்சத்தைவிட சாம்பல் சத்துதான் முக்கியம் என்பது தெரிந்ததே. நாம் பயன்படுத்தும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. கனடா, ரஷ்யா, பெலாரஸ் நாடுகள்தான் உலகின் பெரிய உற்பத்தியாளர்கள். 2022-ல் உக்ரைன் போரும், பெலாரஸ் மீதான தடையும் சேர்ந்து, 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய் வரை போனது. அந்த வருஷம் பொட்டாஷைக் குறைத்துப் போட்டவர்கள் பலர். கிழங்கு எடை வந்தாலும் பாயிண்ட் வரவில்லை என்றால், எங்கோ நடந்த சண்டைக்கு நம் லாரியில் கழித்துக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம்.

வெளியில் இருந்து கெட்டது மட்டுமே வருகிறது என்றும் சொல்ல முடியாது. மாவுப்பூச்சி விஷயத்தைப் பாருங்கள்.

2020-ல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல், தர்மபுரி என்று பரவியது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகக் குவிந்து, கணுக்கள் நெருங்கி, செடி வளராமல் நின்றுவிடும். மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தவர்கள் அநேகம். இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியைச் சோறாகச் சாப்பிடும் கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பூச்சி தென் அமெரிக்காவில் இருந்து வந்ததால் அதன் எதிரியும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் கிடைத்தது: கடுகைவிடச் சிறிய ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். ஆப்பிரிக்கா முழுவதும் அதை விட்டுப் பரப்பியதில் பூச்சி அடங்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு தரப்பட்டது. பிறகு தாய்லாந்துக்குள் இந்தப் பூச்சி நுழைந்தபோது, அவர்களும் ஆப்பிரிக்காவில் இருந்துதான் குளவியை வாங்கிப் போனார்கள்.

நமக்கும் அங்கிருந்துதான் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி மையம் 2021-ல் அந்தக் குளவியைத் தருவித்து, தனிமையில் வைத்துச் சோதித்தது. 2022 மார்ச்சில் முதன்முதலாக வயலில் விட்ட இடம் எது தெரியுமா? கல்வராயன்மலைக்கு மேற்கே, மலையடிவாரத்திலேயே இருக்கும் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். அதற்கு முன்பும் 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு போர்ட்டோரிக்கோவில் இருந்து வேறொரு குளவி வந்து நம் மரவள்ளியையும் சேர்த்துக் காப்பாற்றியது பலருக்கு நினைவிருக்கும். இரண்டுக்கும் விவசாயி தம்படி கொடுக்கவில்லை. காப்புரிமை கேட்டு யாரும் வரவில்லை. உலக வர்த்தகம் பற்றி எழுதும்போது இதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

ஒரே எச்சரிக்கை: குளவி விட்ட கொல்லையில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். நுனியில் காய்ந்து பழுப்பாகக் கூடு போன்ற மாவுப்பூச்சிகள் தெரிந்தால், குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். தெளிப்பானை இறக்கி வையுங்கள்.

இனி சாக்குப் பாதிக்கு வருவோம். உலக விலை எப்படி இருந்தாலும், அது நம் கைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் தேய்கிறது: பாயிண்ட், எடை, முன்பணம்.

கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில். கணக்குக்காக ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைப்போம். 26 பாயிண்ட் கிழங்கு டன் 7,800 ரூபாய். அதையே 24 என்று எழுதினால் 7,200. பத்து டன் லோடுக்கு 6,000 ரூபாய் போச்சு. இந்தப் பணத்தைத் தாய்லாந்து எடுத்துப் போகவில்லை. மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள் எடை போட்டாலும் கனமாக நிற்கும் என்பதுதான் பாயிண்ட் பார்ப்பதன் அடிப்படை. சாம்பிள் எடுப்பதில் இருந்து முள் நிற்பது வரை பக்கத்தில் நின்று பார்க்க விவசாயிக்கு உரிமை உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் கெட ஆரம்பிக்கும் என்பதால், லாரி வரும் நாள் உறுதியாகாமல் பிடுங்கவும் கூடாது.

சமவெளிக்காரர் நின்று கேட்டுவிடுவார். மலைக்காரருக்கு அதுவும் கஷ்டம். கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதன் பிறகும் தலைமுறையாக உழுகிற நிலத்துக்குப் பட்டா இல்லாத மலையாளிக் குடும்பங்கள் நிறைய. பட்டா இல்லாமல் வங்கிப் பயிர்க்கடன் வாங்குவது சுலபமல்ல. அதனால் நடவுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வியாபாரியிடமே முன்பணம். முன்பணம் வாங்கியவர் பாயிண்ட் பற்றி வாய் திறப்பதில்லை. வேறு ஆலைக்கு லாரி விடவும் முடிவதில்லை. உலக விலை ஏறினால் அவருக்குத் தெரியாது, இறங்கினால் மட்டும் உடனே சொல்லப்படும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அனுபவ நிலத்துக்கு உரிமை கோர கிராம சபையில் மனு கொடுக்கலாம். தாமதமாகும் வேலைதான், ஆனாலும் இந்த முடிச்சு அங்கே அவிழாமல் வேறெங்கும் அவிழாது என்பது எங்கள் கருத்து.

'சரி, விலை நியாயமா இல்லையான்னு வீட்ல இருந்தே எப்படித் தெரிஞ்சுக்கறது?' என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சேலம் சேகோசர்வில் ஜவ்வரிசி, மாவு இரண்டும் ரகசிய டெண்டரில் விற்கப்படுகின்றன. விலை 90 கிலோ மூட்டைக் கணக்கில் வெளியாகும். ரகத்தையும் பாயிண்ட்டையும் பொறுத்து, ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு ஏறக்குறைய 400 கிலோ கிழங்கு ஆகும். அன்றைய மூட்டை விலையை இரண்டரையால் பெருக்கினால், ஒரு டன் கிழங்கில் இருந்து ஆலைக்கு வருவது தெரியும். அதில் ஆலைச் செலவும் லாரி வாடகையும் போக உங்களுக்கு எவ்வளவு சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசத்தில் விரதநாளில் ஜவ்வரிசிதான் சாப்பாடு என்பதால், நவராத்திரி, சிவராத்திரிக்கு முன் அங்கே கொள்முதல் கூடும். அந்த நேரத்தில் மூட்டை விலை ஏறியிருந்தும் புரோக்கர் தாய்லாந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அன்றைய டெண்டர் விலையைச் சொல்லிக் கேளுங்கள்.