படம் வரைந்து பாகங்களைக் குறி

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் இந்தக் கேள்வி மறக்காது: 'படம் வரைந்து பாகங்களைக் குறி.' செம்பருத்திப் பூ, இதயம், நெஃப்ரான், அமீபா என்று வருடந்தோறும் வரைந்திருப்போம். தேர்வுக்கு முந்தைய இரவு புத்தகத்தைத் திறந்துவைத்து, பென்சிலைக் கூராகச் சீவி, அச்சில் இருப்பதை அப்படியே இறக்குவோம். அதே பள்ளியில் டிராயிங் பீரியட் வந்தால், போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். பாடத்தில் வரும் படம் மதிப்பெண்ணுக்கு, டிராயிங் பீரியடில் வரும் படம் பொழுதுபோக்குக்கு என்று பிரித்துவைத்துவிட்டோம். இந்தப் பிரிவினையால் பிள்ளைகள் இழப்பது என்ன என்பதைச் சில பரிசோதனைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா ஃபெர்னாண்டஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஆப்பிள் போன்ற எளிய சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சில சொற்களை 40 விநாடி நேரம் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். சில சொற்களுக்கு அதே 40 விநாடிக்குள் படம் வரைய வேண்டும். பிறகு சற்று நேரம் வேறொரு வேலை கொடுத்துவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல், நினைவில் உள்ள சொற்களையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்கள் இரண்டு மடங்குக்கும் மேல் நினைவுக்கு வந்தன.

கெட்டிக்காரத்தனமாகப் படம் போடுகிறவர்களுக்கு மட்டும் கிடைத்த பலனா இது? இல்லை. படத்தின் அழகுக்கும் நினைவுக்கும் தொடர்பு தென்படவில்லை. நேரத்தை வெறும் 4 விநாடியாகக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வரைந்தவையே முந்தின. அந்தப் பொருளின் தன்மைகளைப் பட்டியலிடச் சொன்னார்கள், மனத்துக்குள் கற்பனை செய்யச் சொன்னார்கள், அச்சிட்ட படத்தைக் காட்டினார்கள். எதுவும் வரைதலுக்கு ஈடாகவில்லை.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பின் வந்த ஆய்வைத்தான். வாம்ஸும் கூட்டாளிகளும் 2019-ல் வரைதலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். எதை வரைவது, எப்படி வரைவது என்று யோசிப்பது ஒன்று. கை அசைவது இன்னொன்று. வந்த கோட்டைக் கண் பார்ப்பது மூன்றாவது. ஒரு குழு ஏற்கெனவே உள்ள படத்தின் கோட்டின் மேலேயே வரைந்தது. இன்னொரு குழு தான் வரைவதைத் தானே பார்க்க முடியாதபடி வரைந்தது. இந்த மூன்றும் சேரும்போதுதான் நினைவு மிக வலுவாக இருந்தது. கோட்டின் மேல் கோடு போட்டவர்களுக்குக் கை அசைந்தது, கண்ணும் பார்த்தது. ஆனால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம் ரெக்கார்டு நோட்டுகளில் பெரும்பாலும் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சீனியரின் நோட்டைப் பார்த்து வரைந்த பூவில் பிள்ளையின் உழைப்பு நிறைய இருக்கும், முடிவு எதுவும் இருக்காது.

முடிவு என்று எதைச் சொல்கிறேன்? வேலியோரம் பூத்த ஒற்றையடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து மேசைமேல் வைத்துக்கொண்டு வரைய உட்காருங்கள். இதழ்கள் ஐந்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோடு போடத் தொடங்கியதும் முதல் சிக்கல் வந்துவிடும்: எந்த இதழின் ஓரம் மேலே, எந்த இதழின் ஓரம் கீழே? உற்றுப் பார்த்தால், ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்ததை மூடியும் மறுபக்கம் அடுத்ததால் மூடப்பட்டும் ஒரே திசையில் சுழன்று அடுக்கியிருக்கும். அடுத்தது நடுவில் நீளும் தண்டு. அதன்மேல் மஞ்சள் மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். பொட்டுகள் சூலகமுடி, பைகள் மகரந்தத்தாளுக்கு உரியவை. அப்படியானால் அந்தத் தண்டு யாருடையது? இதைத் தீர்க்காமல் படத்தை முடிக்க முடியாது. பிளேடால் நெடுகக் கீறினால் விடை தெரிகிறது: மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றாகி ஒரு குழலாக நிற்கின்றன, அந்தக் குழலுக்குள்ளே நுழைந்து சூலகத் தண்டு மேலே வருகிறது. புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் செய்தியைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

வரையும்போது மழுப்ப முடியாது என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. ஸ்பெயினில் 1852-ல் பிறந்த சான்டியாகோ ரமோன் இ கஹால் ஓவியராக ஆசைப்பட்டவர். மருத்துவரான தந்தைக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. பிறகு அவரே மகனை இடுகாட்டுக்கு அழைத்துப்போய், கிடைத்த எலும்புகளைக் கொண்டுவந்து வரையவைத்து உடற்கூறியல் கற்பித்தார். பின்னாளில் கஹால் நுண்ணோக்கியில் நரம்புத் திசுவைப் பார்க்கத் தொடங்கினார். இத்தாலியின் கமில்லோ கோல்கி கண்டுபிடித்த வெள்ளி உப்புச் சாயம் ஒருசில செல்களை மட்டும் கறுப்பாகத் துலக்கிக் காட்டும். அதே சாயத்தைக் கொண்டு பார்த்த கோல்கி, நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்று நம்பினார். கஹால் பல சீவல்களை மணிக்கணக்கில் பார்த்து, கண்டதை எல்லாம் சேர்த்து வரைந்தார். ஒவ்வோர் இழையும் அடுத்ததோடு ஒட்டுகிறதா, அதற்கு முன்பே முடிகிறதா என்று பென்சில் முனை அவரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து 1888-ல் அவர் வெளியிட்ட முடிவு, நரம்பு செல்கள் தனித்தனியானவை என்றது. 1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. காலம் கஹால் பக்கம் நின்றது. அவர் படங்களை இன்றும் நரம்பியல் நூல்களில் காணலாம்.

இப்படி உற்றுப் பார்ப்பதன் பலனை மருத்துவக் கல்வி மீண்டும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் 36 பேரில் பாதிப் பேரை ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நீளும் ஆறு வகுப்புகள். ஓவியத்தைப் பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது, அவ்வளவுதான். பிறகு கண் நோய்ப் படங்களைக் கொடுத்து விவரிக்கச் சொன்னபோது, அந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கவனித்தார்கள். 2018-ல் வெளியான சிறிய ஆய்வு இது. ஆனாலும் நோயாளியின் கண்ணைப் பார்க்கப் போகிறவருக்கு வேண்டிய திறனை நேராக அளந்தது.

கலைக்கு வேண்டாத புகழாரம் சூட்டுவதும் அதைப் பள்ளியிலிருந்து துரத்தும் வழிதான். 1993-ல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட் இசை கேட்டபின் காகித மடிப்புப் புதிர் போன்றவற்றில் சற்று அதிக மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. செய்தி பரவிய வேகத்தில், 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். இசை கற்றால் பொது அறிவுத்திறன் கூடுமா என்று 54 ஆய்வுகளையும் ஏறத்தாழ 7,000 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்து 2020-ல் வந்த அலசல், ஒழுங்காக நடத்திய ஆய்வுகளில் அப்படி எதுவும் இல்லை என்றது. பாட்டு வகுப்பு பாட்டைக் கற்றுத்தருகிறது. பிள்ளைக்கு அது சொந்தமான செல்வம், அதற்காகவே அது வேண்டும். கணக்கு மார்க் ஏறும் என்று சொல்லி அதை உள்ளே கொண்டுவந்தால், ஏறாத அன்று வெளியே போய்விடும். பூவை வரைவதில் இந்தச் சிக்கல் கிடையாது. வரைந்தவனுக்குப் பூ தெரிகிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மேடையேற்றுகின்றன, மனமார வரவேற்கிறேன். ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுக்காத, படம் வராது என்று தானே நம்பிவிட்ட பிள்ளைக்கும் பென்சில் வேண்டும். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஓவிய ஆசிரியர் பணி பகுதிநேரப் பணியாகவே இருக்கிறது. அவர்களை முழுநேரமாக்கி, வாரம் ஒரு பீரியடாவது அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்க வைக்கலாம். ஓவிய ஆசிரியருக்குப் பார்க்கக் கற்றுத்தரத் தெரியும், அறிவியல் ஆசிரியருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

மதிப்பெண் போடும் முறையும் மாற வேண்டும். செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு பூவைக் கையில் கொடுத்து, கையில் உள்ளதை வரையச் சொல்ல வேண்டும். ஓர் இதழ் உதிர்ந்த பூவைப் பெற்ற மாணவி நான்கு இதழ்களோடு, ஐந்தாவது இருந்த இடத்தின் தழும்பையும் சேர்த்து வரைந்திருந்தால், அவளுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி ஐந்து இதழ் போட்டவளுக்கு அல்ல.